அழிக்க முடியாத கேசரி

"பினாங்குப் பாலத்துக்கு இன்னொரு தூண் வேண்டுமென்றால் சம்பந்தி வீட்டுக் கேசரியே போதும்" என்று எழுதிவிட்ட விநாசித்தம்பி, ஒரு வாரமாக அந்த வரியை அழிக்க வழி தேடிக்கொண்டிருந்தார்.

வழி இல்லை. அவர் எழுதியது 'ஊர்மன்றம்' என்ற பிளாக்செயின் தளத்தில். அங்கே எழுதுவதெல்லாம் உலகெங்கும் ஆயிரம் கணினிகளில் பதிந்துவிடும். எழுதியவரே காலில் விழுந்தாலும் போகாது.

எழுத்துக்கு வோட்டு விழுந்தால் டோக்கன் என்ற இணையக் காசு கிடைக்கும். ஓய்வுபெற்ற குமாஸ்தாவான அவருக்கு டோக்கனைவிட, ஈப்போ முதல் டொரொண்டோ வரை சேர்ந்த நண்பர்கள்தான் பெரிய சம்பாத்தியம். அவர்களைச் சிரிக்க வைக்கப் போய்த்தான் இந்த வினை. புக்கிட் மெர்தாஜாமில் மகள் விரும்பிய மாப்பிள்ளை ஹரீஷ் வீட்டுக்குச் சம்பந்தம் பேசப் போனபோது தின்ற கேசரியைப் பற்றி எழுதினார். பத்து வோட்டைத் தாண்டாதவருக்கு அன்று நாற்பது விழுந்தது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் பக்கத்தில், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகள் அனுஜா, அதைப் படித்துவிட்டு அழுதாள்.

"யாருப்பா உங்கள எழுதச் சொன்னா? அந்த வீட்டுல நான் எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு நிப்பேன்?"

பெற்ற மனம் பதறியது. உடனே 'சம்பந்தி வீட்டு' என்பதை 'ஏதோ ஒரு கடை' என்று திருத்தினார். தளமோ பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'ஆசிரியர் மாற்றியிருக்கிறார்' என்று எல்லாருக்கும் அறிவித்தது.

அடுத்து, எதிர்த்து வோட்டுப் போடும்படி நண்பர்களைக் கெஞ்சி, சேர்த்த டோக்கனை எல்லாம் வாரி அனுப்பினார். இத்தனை பரபரப்பைக் கண்ட தளம், கேசரியை முதல் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது.

கடைசியாக, அந்தக் கேசரி அமிர்தம் என்று புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். டொரொண்டோ நண்பர் நல்லெண்ணத்தோடு அதன் கீழே, ஐயாவின் முந்தைய கேசரிக் கட்டுரையையும் தவறாமல் படியுங்கள் என்று இணைப்புக் கொடுத்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"இனிமே ஃபோன தொட்டீங்க, கடல்ல வீசிருவேன் லா" என்றாள் மனைவி ஞானாம்பிகை.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து செய்தி வந்தது. முக்கியமான விஷயம் பேச ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம். விநாசித்தம்பிக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. மகள் கல்யாணம் தன் நாக்கால் நின்றது என்று ஆகிவிடுமே.

ஞாயிறன்று ஹரீஷின் அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். அனுஜா அறையை விட்டு வெளியே வரவில்லை. விநாசித்தம்பி கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன மன்னிச்சிருங்க. கல்யாணத்த மட்டும் நிறுத்திராதீங்க."

"நிறுத்தறதா?" ஹரீஷின் அம்மா திகைத்தார். "நாங்க தேதி குறிக்கத்தான் வந்தோம்."

விநாசித்தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஞானாம்பிகை சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்தபடி காப்பி போட உள்ளே ஓடினாள். ஆனாலும் அவருக்கு மனசு உறுத்தியது. சம்பந்தியம்மாவின் கைப்பக்குவத்தை அப்படி எழுதியது தப்புதான் என்று இன்னொருமுறை சொன்னார்.

அந்த அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். ஹரீஷின் அப்பா, அனுஜாவின் அறைக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது உங்க மக கைப்பக்குவம் சம்பந்தி, வேல முடிஞ்சு உங்களுக்குத் தெரியாம வந்து வாரா வாரம் கிண்டி வைக்கிது, அன்னிக்கு நீங்க தின்னதும் அதுதான், நல்லா இல்லன்னு நாங்க சொன்னா மாமியார் கொடுமைன்னு ஆயிரும், அதான் வீட்டுல அத்தன பேரும் உங்களுக்கு வோட்டு போட்டோம்."