இருநூற்றுப் பதினான்காவது பெண்

"ஆயிரத்து நாப்பத்தொண்ணு பெருசா, எண்ணூத்தி எழுவது பெருசாங்கம்மா?" என்று மணிவேல் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

2003 ஜூன். அரியலூருக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்திய மகளிர் கல்லூரி அது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். முதல்வர் ரெங்கம்மாள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"வெறும் மார்க்க மட்டும் நாங்க பாக்குறதில்லீங்க. பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வசதி வேற. அதனால அந்தந்தப் பள்ளிக்கூடத்துல பொண்ணு எத்தனாவதுன்னு பாப்போம். எண்ணூத்தி எழுவது வாங்குன திருமழபாடி பொண்ணு அவ பள்ளிக்கூடத்துல மொதலாவது. ஒங்க பொண்ணு எத்தனாவது?"

மணிவேல் மகளைப் பார்த்தார். சிவரஞ்சனி தரையைப் பார்த்தாள்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடியில் மானாவாரிப் பருத்தி போடுகிறவர் மணிவேல். பத்தாவது முடித்த மகளை, அழ அழ, வெளிமாவட்டத்துப் பெரிய விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார். இருந்த ஆடு மாடெல்லாம் அதற்கே போயிற்று. பிளஸ் டூ முடித்து வந்தபோது அவள் பாதியாக இளைத்திருந்தாள். பேச்சும் குறைந்திருந்தது. ஆனாலும் மார்க் வந்த அன்று ஊருக்கே மிட்டாய் கொடுத்தார். இந்தச் சீட்டு கிடைக்காவிட்டால் வேறு கதி அவருக்குத் தெரியாது.

"அந்த ஸ்கூலுக்கே போன் போட்டுக் கேளுங்கம்மா. எம்பொண்ணு கெட்டிக்காரின்னு அவங்களே சொல்லுவாங்க."

முதல்வர் போட்டார். அந்தப் பள்ளி மேலாளர் பேசியது அறை முழுக்கக் கேட்டது.

"ஆயிரத்து நாப்பதெல்லாம் எங்ககிட்ட சாதாரணம் மேடம். அந்தப் பொண்ணுக்கு மேல மட்டும் இருநூத்திப் பதிமூணு பேரு. அடுத்த வருஷம் பாருங்க, முந்நூறத் தாண்டும்."

ரெங்கம்மாள் போனை மெதுவாக வைத்தார். "இருநூத்திப் பதினாலாவதுங்க."

மணிவேல் சளைக்கவில்லை. மறுநாள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வேணுகோபாலை பஸ் ஏற்றிக் கூட்டிவந்து முதல்வர் முன்னால் உட்காரவைத்தார்.

"ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் இவதான் மேடம் மொதோ மார்க்கு. எங்க பள்ளிக்கூடத்துல இவளத் தொட ஆளே இல்ல."

மணிவேல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியா?" ரெங்கம்மாள் யோசித்தார். "மொதலாவதா இருந்த பொண்ணு ரெண்டே வருஷத்துல இருநூத்திப் பதினாலுக்கு எறங்கிருச்சேன்னு கமிட்டியில கேப்பாங்களே சார்."



"அவளுக்கு அந்த ஹாஸ்டல் ஒத்துக்கலீங்கம்மா," என்று மணிவேல் அவசரமாகக் குறுக்கிட்டார். "ராவெல்லாம் அழுவுறா, அடிக்கடி காய்ச்சல் வருதுன்னு வார்டனம்மா எனக்குச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க."

"அப்ப எங்க ஹாஸ்டல்ல மட்டும் எப்படிங்க இருப்பா?"

அதோடு பேச்சு முடிந்தது.

வேணுகோபால் டீ வாங்கப் போனார். வராந்தா பெஞ்சில் அப்பாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். அன்று காலையிலிருந்து வாயே திறக்காத சிவரஞ்சனி கேட்டாள்.

"நான் அழுதது ஒனக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும் தாயி."

"அப்பறம் ஏம்பா கூட்டிட்டு வரல?"

"ஆயிரம் தாண்டிட்டா அப்பறம் எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்."

துண்டால் முகத்தைத் துடைப்பதுபோல் மணிவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த ஆபீஸ் உதவியாளர் பிச்சைமுத்து, ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எந்த ஊருங்க?"

மணிவேல் சொன்னார்.

"அட, மலையடிவாரமா? அந்தப் பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூவுல மொதலாவதா வர்ற பொண்ணுக்குன்னே இங்க ஒரு சீட்டு வெச்சிருக்காங்க. யாரும் கேட்டு வராம வருஷா வருஷம் காலியாத்தான் கெடக்கு. ஒங்க பக்கம் படிக்கிற பொண்ணுங்களே இல்ல போலருக்குங்க."