ஐஸ் போடாத அறக்குளா

ஆய்வுகூடத்திலிருந்து ஒரு போத்தலைத் திருடினேன் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். (திருட்டு என்ற சொல் அம்மாவுக்குப் பிடிக்காது. "கேளாமல் எடுத்தவள்" என்பார்.) உள்ளே கிராஃபீன் ஒக்சைட் கலந்த கறுப்புத் தண்ணீர். கண்ணுக்கே தெரியாத மெல்லிய கரித் தகடுகள். அவற்றின் விளிம்பு பட்டால் பக்டீரியாவின் தோல் கிழிந்து உள்ளிருப்பதெல்லாம் வழிந்துவிடும். இறுதியாண்டு ஆய்வில் அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவைப் பெண் பார்க்க அடம்பனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஞாயிறு மத்தியானம் வருவதாக இருந்தார்கள். எங்களுடையது பேசாலையில் மீன்பிடிக்கிற வீடு. விருந்தில் மீன் பிழையாகிப்போனால் மானம் போய்விடும். சனி விடியற்காலை அப்பா பெரிய அறக்குளா மீன் ஒன்றோடு வந்தார்.

"ஐஸ் எடுக்கப் போறன் பிள்ளை."

"வேண்டாம் அப்பா. மீன்பெட்டிக்குள்ள மருந்து பூசியிருக்கிறன். ஒரு கிருமியும் உயிரோட இராது."

"உண்மையாவோ?"

"ஓம். நான் படிக்கிறதே அதுதான்."

முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதர் என்னை நம்பினார்.

மீனை வந்தவர்களின் கண் முன்னால்தான் வெட்டவேண்டும் என்பது அப்பாவின் பிடிவாதம். ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வந்ததும், மாப்பிள்ளையின் தகப்பனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ப் பெட்டியைத் திறந்தார்.

நாற்றத்தில் அந்த மனிதர் பின்னால் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார். மீன் ஊதி, என் கரி ஒட்டி, எரிந்த கட்டை மாதிரிக் கிடந்தது. "என்ர மாதாவே!" என்று அம்மா வாயைப் பொத்தினார். அப்பா மீனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அக்கா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுடைய கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன்.

கடைக்கு ஓடித் தகரத்தில் அடைத்த ரின்மீன் வாங்கிவந்தேன். மன்னார்த் தீவில், மீன்பிடிக்கிற வீட்டில், ரின்மீன் குழம்பு!

"அப்பிடி என்னத்தைப் பூசினனீர்?" என்று, கரி ஒட்டிய மீனைப் பார்த்திருந்த மாப்பிள்ளை சாப்பிடும்போது கேட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துப் புரைக்கேறி, குழம்பை மூன்றாம் தரமும் போட்டுக்கொண்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் அக்கா கதவைத் திறந்தாள்.

திங்கட்கிழமை என் ஆய்வுக்குப் பொறுப்பான மேடத்திடம் போத்தல் விஷயத்தை ஒப்புக்கொண்டேன்.

"நீர் எதில சோதிச்சனீர்?"

"கழுவின பக்டீரியாவில மேடம். சுத்தமான உப்புத் தண்ணியில."

"மீனில வழுவழுப்பு இருக்கெல்லோ? அந்தப் புரதம் தகட்டின்ர விளிம்பை மூடிப்போடும். பிறகெங்க வெட்டுறது? கிருமி அதுக்கு மேல பாய் விரிச்சுப் படுத்திருக்கும். குடலுக்குள்ள இருக்கிறதை உம்மட பூச்சு தொடவும் மாட்டுது."

இப்போது நான் நுண்ணுயிரியல் கற்பிக்கிறேன். என் மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அக்காவைக் கட்டிய அத்தானோ, எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால், சாப்பாட்டுக் கோப்பையில் மீன் விழுந்ததும் இன்றைக்கும் என்னைப் பார்த்துக் கேட்கிறார்:

"இது ஐஸில வைச்ச மீனோ, படிச்ச மீனோ?"