காப்பெல் கணவரும் எடிசனில் நான் போட்ட டிக்கும்

எதையும் கடைசி எழுத்து வரை படிக்கிறவர்கள் புத்திசாலிகள் என்பார்கள். நம்பாதீர்கள். பஜ்ஜி மடித்த பேப்பரைக்கூட விடாமல் படிக்கிறவள் நான்; படித்தும் கெட்டேன்.

தொண்ணூற்றேழில் எனக்கு நியூ ஜெர்சியில், எடிசனில் வேலை. ஆவணியில் கைப்பிடித்த முரளிக்கு டெக்சாஸில், காப்பெல்லில். மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் பிளேன் ஏறுவோம். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடித்தனம்.

அடுத்த ஏப்ரலில் டாக்ஸ் ஃபைல் பண்ண வேண்டும். புருஷன் ஒரு மாநிலம், பெண்டாட்டி ஒரு மாநிலம் என்றால் என்ன செய்வார்கள்? எனக்கு ஒரே குறுகுறுப்பு. விதிப் புத்தகத்தைத் துருவித் துருவிப் படித்தேன். (புதுப்பெண் படிக்கிற புத்தகமா அது?) மத்திய அரசுக்கு ஜாயின்ட்டாகப் போட்டாலும், நியூ ஜெர்சிக்கு நான் தனியாகப் போடலாம். தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் 'தனி' என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முரளிக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, கல்யாணமாகி முதல் டாக்ஸ். தனின்னு டிக் பண்றது அபசகுனம் இல்லையா?"

"இது என்ன கல்யாணப் பத்திரிகையா? செபரேட்டாவே போடு. டெக்சாஸ்ல ஸ்டேட் டாக்ஸே கிடையாது. என் சம்பளத்த எதுக்கு அங்க இழுக்கற?"

"சம்பளத்த யார் காட்டப் போறா? பேர் மட்டும் சேர்ந்து இருக்கட்டும்."

ஜாயின்ட்டில் டிக் போட்டேன். மூலையில் துளி மஞ்சள் வேறு. கையெழுத்துக்கு காப்பெல் அனுப்பினேன். பாவம், மனுஷன் போட்டுத் தொலைத்தார்.

ஆனியில் நியூ ஜெர்சி டாக்ஸ் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. ஜாயின்ட் என்றால் இருவருமே நியூ ஜெர்சிவாசிகள் கணக்குதானாம். கணவர் சம்பளம் எங்கே, அதற்கும் வரி கட்டு. (அந்தப் பாராவும் புத்தகத்தில் இருந்தது. படித்தும் இருந்தேன்.) பதறிப்போய் அந்த ஆபீஸுக்குப் போன் பண்ணி, தனியாகவே மாற்றிக்கொள்கிறேன் என்றேன். கெடு தாண்டிவிட்டது, இனி பிரிக்க முடியாது என்றாள் ஒரு பெண். சகுனம் நன்றாகவே வேலை செய்திருந்தது.

பிளேன் டிக்கெட்டுக்கு வைத்திருந்ததெல்லாம் அதில் போயிற்று. ஊரில் புது ஜோடியை ஆடி ஒரு மாதம்தான் பிரித்து வைப்பார்கள். நான் ஆனியிலேயே ஆரம்பித்து ஐப்பசி வரை இழுத்துவிட்டேன். முதல் கல்யாண நாளன்று போனில் அழுதேன். அந்தப் பக்கம் அவரும் மூக்கை உறிஞ்சினார். "ஜலதோஷம்" என்றார்.

இப்போது ஒரே வீடு. ஆனாலும் ஹோட்டலில் பில் வரும் நேரம், சர்வர் வாயைத் திறக்கும் முன்பே என் பெண் கேட்பாள்: "அம்மா, ஜாயின்ட்லி ஆர் செபரேட்லி?"

முரளி என் தட்டிலிருந்து ஒரு விள்ளல் தோசையை எடுத்துக்கொண்டே சொல்வார்: "ஜாயின்ட்தான். ஆனா பேனாவ அம்மாகிட்ட குடுத்துடாத."