குப்பைக்கு வந்த காய்ச்சல்

இனி என் வீட்டிலிருந்து ஒரு பிடி சமையல் குப்பைகூட வெளியே போகாது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். பூமியைக் காப்பாற்ற யாராவது ஒருவர் தொடங்கித்தானே ஆகவேண்டும்? மனைவியிடம் அறிவித்தேன்.

"சரி, நீங்களாவது வெளியே போங்க. எட்டே கால் ஆச்சு" என்றாள்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளன். குடுவை கழுவுவேன். அமிலப் புட்டிக்குச் சீட்டு ஒட்டுவேன். இருபத்திரண்டு வருஷத்தில் அங்கே யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை, "சாவி எங்கேப்பா?" என்பதைத் தவிர. பூமியாவது என்னை மதிக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையே மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வெந்நீர்க் குளியலை ரத்து செய்தேன்.

"எனக்கும் சேர்த்தா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப முதல்ல நீங்க குளிங்க. சட்டம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு நான் வரேன்."

நான் குளித்தேன். உள்ளே இருந்து நான் போட்ட சத்தத்தைக் கேட்டு அவள் தன் குளியலை மத்தியானத்துக்குத் தள்ளி வைத்துவிட்டாள்.

பால்கனியில், அவள் துணி உலர்த்தும் இடத்தில், அடியில் ஓட்டை போட்ட ஒரு பெரிய வாளியை வைத்தேன். காய்கறித் தோல், முட்டை ஓடு, காய்ந்த இலை எல்லாம் அதில். பள்ளி நூலகப் புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன்: நன்றாக மக்கும் குப்பை தானாகவே ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாகும். ஆய்வகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த நீள வெப்பமானி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். தினமும் மாலை ஐந்தரைக்கு அதைக் குப்பைக்குள் சொருகிப் பார்ப்பேன்.

இருபத்தெட்டு. இருபத்தெட்டு. இருபத்தொன்பது. வெளியே எவ்வளவோ, உள்ளேயும் அவ்வளவே. மூன்று வாரம் இப்படிப் போயிற்று. நாற்றம் மட்டும் புத்தகத்தில் சொன்னதைவிட அதிகமாக இருந்தது.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

"என்னால இந்த உலகத்துல எதுவுமே சூடாகாது" என்றேன்.

"அடுப்புல குழம்பு சூடாத்தான் இருக்கு. எழுந்து வாங்க."

"நான் போனா குடுவை கழுவ வேற ஆள் வந்துடுவான். அவ்வளவுதான் என் வாழ்க்கை."

அவள் கொஞ்ச நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன். இதையெல்லாம் மறுத்துச் சொல்ல இப்போது அவள் இல்லை. அதனால் பொய் சேர்க்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

மறுநாள் வெப்பமானி ஐம்பத்து மூன்று காட்டியது.

அடுப்படிக்கு ஓடினேன். "ஏய், ஐம்பத்து மூணு!"

"யாருக்கு? காய்ச்சலா?"

"குப்பைக்கு!"

"அடப்பாவமே. கஞ்சி வெச்சுக் குடுக்கவா?"

அதன் பிறகு ஒரு மாதம் நான் மனிதர்களில் ஒருவனாக இருந்தேன். சுவரில் வரைபடம் ஒட்டினேன். கோடு மலைபோல ஏறியது. பன்னிரண்டு வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில் என் பெயர் 'டிகிரி சார்' ஆயிற்று. கல்லூரி வாசலை மிதிக்காதவனுக்குக் கிடைத்த ஒரே டிகிரி அதுதான். மாடிப்படியில் என்னை நிறுத்திச் சந்தேகம் கேட்டார்கள். எலுமிச்சைத் தோல் போடலாமா? போடலாம், கொஞ்சமாக. சொல்லும்போது என் குரல் எனக்கே அழகாக இருந்தது.

சின்னச் சின்ன விஷயங்களை நான் கவனிக்கவில்லை. வார நாட்களில் நான் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சரியாக ஐந்து மணிக்கு வீட்டில் ஏதாவது ஒன்று தீர்ந்துபோகும். ஒரு வாரம் தீப்பெட்டி. ஒரு வாரம் சோப்பு. நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவேன்.

குடியிருப்புச் சங்கத்தின் காரியதரிசி ஓய்வு பெற்ற கோர்ட் குமாஸ்தா. சாட்சி இல்லாமல் மழை பெய்வதைக்கூட நம்பமாட்டார். "ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு எல்லாருமா வரோம். சூடு இருந்தா எல்லா வீட்டுலயும் வாளி வைப்போம். இல்லேன்னா உங்க வாளியைத் தூக்கிடணும்" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி "வாங்க" என்றேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கைக்குக் கண் ஆபரேஷன். நான் வெள்ளி, சனி இரண்டு நாளும் லீவு போட்டுவிட்டு, வாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தேர்வு நேரத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனம் வருமா?

வெள்ளி, முப்பத்தொன்று. சனி, இருபத்தெட்டு. ஞாயிறு மத்தியானம், இருபத்தெட்டு. கிளறினேன். போர்வை போர்த்தினேன். கடைசியில் வாளியைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி 'சாவி எங்கேப்பா' ஆகப்போகிறோம் என்பது தெரிந்துவிட்டது. நாலரைக்கு அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"குப்பை செத்துப்போச்சு" என்றேன்.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"இதுக்குத்தான் கீழ் வீட்டம்மாகிட்ட சாவி குடுத்துட்டு வந்தேன். நீங்க லீவு போட்டுட்டு வாளியை விட்டு நகரவே மாட்டேங்கறீங்களாமே. அவங்க எப்படி உள்ள வருவாங்க?"

"அவங்க எதுக்கு வரணும்?"

"அடுப்புல தண்ணியைக் கொதிக்க வைங்க. அஞ்சே காலுக்கு ஊத்துங்க, அஞ்சரைக்குச் சரியா இருக்கும்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒரு மாதமாக வெளியே பால்கனியில் குப்பை, அடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தது. உள்ளே நான் பச்சைத் தண்ணீரில் அலறிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அளக்கறதை விட்டுடுவீங்க. அப்புறம் சுவரைப் பாத்துப் படுத்துக்குவீங்க. நீங்க சாப்பிடாம கிடக்கறதைவிட ரெண்டு சொம்புத் தண்ணி எனக்குச் சுலபம். ஃபோனை வெச்சுட்டு அடுப்பைப் பத்த வைங்க."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு அடுப்பைப் பற்றவைத்தேன். பயத்தில் ரெண்டு சொம்பு ஆறு சொம்பாகிவிட்டது.

ஐந்தரைக்குப் பால்கனி நிறையக் கூட்டம். மூடியைத் திறந்தேன். ஆவி எழும்பிக் காரியதரிசியின் கண்ணாடி மங்கியது. வெப்பமானி எழுபத்தொன்று.

"சாட்சியே வேண்டாம்! நாளைக்கே எல்லா வீட்டுலயும் வாளி. டிகிரி சார் வீடு வீடா வந்து அளந்து சொல்லணும்!" என்று காரியதரிசி கத்தினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். என் கண்முன் பன்னிரண்டு அடுப்புகள் எரிந்தன. பூமியை நான் காப்பாற்றிய லட்சணம் இது.

கூட்டம் கலைந்தது. கீழ் வீட்டம்மா மட்டும் நின்றாள். வாளி ஓட்டை வழியாக வழிந்து கீழே அவள் பால்கனியில் சொட்டிய சுடுதண்ணீரில் அவள் தோள் நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"கவலைப்படாதீங்க சார். பொம்பளைங்க எங்க எல்லாருக்கும் எத்தனை சொம்புன்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் அக்கா ஊருக்கே கிளம்பினாங்க."