நீல லைட் எரிஞ்சா போதுமா?

போன தை மாசம் ஒரு வியாழக்கிழமை எனக்கு ஆபீஸ்ல ஒரே ஒரு வேலைதான். ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்துட்டு, அந்த இடத்துல புதுசை வைக்கணும்.

அவ்வளவுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிடலாம். சாயங்காலம் சீக்கிரமே ட்ரெயின் பிடிச்சு, பொன்னேரி மார்க்கெட்ல கீரை வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம்னு ப்ளான்.

கீரை வாங்கலைங்க.

கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு சின்ன கம்பெனியில எனக்கு வேலை. தகட்டை பிரஸ் மெஷின்ல அழுத்தி பார்ட்ஸ் செய்யற கம்பெனி. நான் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்ட். ஆனா கம்ப்யூட்டருக்கும் நான்தான் பொறுப்பு. ஏன்னா ஒருநாள் பிரிண்டர்ல சிக்கின பேப்பரைக் கிழிக்காம முழுசா உருவி எடுத்துட்டேன். அதை முதலாளி பாத்துட்டாரு. "மேகலாவுக்குக் கம்ப்யூட்டர் நல்லா வரும்"னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டாரு.

மாத்த வேண்டிய கம்ப்யூட்டர் குமரேசனோடது. அவன்தான் எங்க டிசைனர். அவன் வரையிற ட்ராயிங்கை வெச்சுத்தான் கீழே ஷாப்ல டை, அதாவது தகட்டை அழுத்தற அச்சு, செய்வாங்க. அது இல்லன்னா ஒரு தகடுகூட வளையாது. ஞாயித்துக்கிழமை எளாவூர்ல அவனுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமையிலேருந்து லீவு. மாப்பிள்ளை கிளம்பறதுக்குள்ள மெஷினை மாத்திடலாம்னுதான் வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

பழைய மெஷின் ரெண்டு நாளா மிக்ஸிக்குள்ள ஸ்பூன் விழுந்த மாதிரி கத்திட்டிருந்துச்சு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பஷீர் பாய்க்கு போன் போட்டேன். பொன்னேரியில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்காரு, சொந்த ஊரு பழவேற்காடு. எங்களுக்கு எது மக்கர் பண்ணாலும் அவர்தான்.

போனை மெஷின் பக்கத்துல காட்டச் சொல்லிக் கேட்டாரு.

"மேடம், இது நல்ல சத்தம் இல்ல. உள்ள டிஸ்க்கு போய்க்கினு கீது. ஆஃப் பண்ணீங்கன்னா திரும்ப எழுந்துக்காது. அத்த நோண்டாம, பேக்கப்புல இருந்து புதுசுக்கு ஏத்திடுங்க."

அவரே வந்திருப்பாராம். எளாவூர் செக்போஸ்ட் லாரி க்யூவுல அவரோட வேன் மாட்டிக்கிச்சு. முன்னாடியும் லாரி, பின்னாடியும் லாரியாம்.

"நீங்க வரவே வேணாம் பாய், நம்ம பேக்கப் தினமும் தானா ஓடுது"ன்னு பெருமையா சொன்னேன்.

அந்த பேக்கப்னா என்னன்னு சொல்லிடறேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. வெளியில வைக்கிற ஹார்ட் டிஸ்க். ஒரு கேபிள்ல குமரேசன் கம்ப்யூட்டரோட கட்டிப்போட்டிருக்கும். தினமும் சாப்பாட்டு நேரத்துல ட்ராயிங்கையெல்லாம் தானாவே அதுக்குள்ள காப்பி பண்ணிக்கும். பாய் சொல்லச் சொல்ல நானே செட் பண்ணினது. யாரும் கை வைக்கக் கூடாதுன்னு மேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கேன்: "தொடாதே. மீறினால் மேகலா."

டப்பாவுல ஒரு நீல லைட் உண்டு. காலையில வந்ததும் அதை ஒரு பார்வை பாப்பேன். எரியும். நான் என் வேலையைப் பாக்கப் போயிடுவேன்.

அன்னிக்கும் எரிஞ்சுது. உக்காந்து பேக்கப் ப்ரோக்ராமைத் திறந்தேன். கடைசியா எப்போ பேக்கப் எடுத்துச்சுன்னு ஒரு தேதி காட்டுச்சு. படிச்சேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடி படிச்சேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

ஆயுத பூஜை போயி, தீபாவளி போயி, பொங்கலும் போயாச்சு. தேதிக்குக் கீழே செவப்புல, டிஸ்க்கைக் காணலைன்னு எழுதியிருந்துச்சு. கண்ணு முன்னாடி நீல லைட்டோட உக்காந்திருக்கிற டிஸ்க்கைக் காணலையாம்.

"அக்கா, அது இன்னா செவப்பா?"ன்னு பின்னாடியிலேருந்து குமரேசன் கேட்டான்.

"அது டிசைன்டா"ன்னேன்.

அவனே டிசைனர். நம்பலை.

இப்போ நெலமை இதுதான். தீபாவளிக்கு அப்புறம் ஒரு பெரிய ஆர்டருக்காக அவன் வரைஞ்ச மொத்த ட்ராயிங்கும் அந்தக் கத்திட்டிருக்கிற மெஷினுக்குள்ள மட்டும்தான் இருக்கு. அது கண்ணை மூடினா எல்லாம் போச்சு.

முதலாளி கூப்பிடாமலேயே வந்துட்டாரு. ஆந்திரா பார்டர் பக்கத்து ஆளு, ஆம்பளைங்க எல்லாரும் அவருக்கு நைனாதான். விஷயத்தைச் சொன்னேன். நம்ப மாட்டேன்னுட்டாரு.

"பேக்கப் ஓடலயா? இன்னாம்மா சொல்ற? தினம் எனக்கு மெயில் போடுதே!"

போனை நீட்டினாரு. உண்மைதான். ஒருநாள்கூட விடாம மெயில். செட் பண்ணும்போது முதலாளிக்கும் தெரியட்டுமேன்னு அவர் அட்ரஸைக் குடுத்ததே நான்தான். எல்லா மெயில்லயும் ஒரே தலைப்பு: 'பேக்கப் ஃபெயில்டு'. அவர் முதல் வார்த்தையோட திருப்தி ஆயிருக்காரு. அதோட விடலை. ஒவ்வொண்ணுக்கும் 'நோட்டட் வித் தேங்க்ஸ்'னு பதில் வேற.

மார்கழி மாச மீட்டிங்ல எல்லாரையும் நிக்க வெச்சு, இந்தக் கம்பெனியில கேக்காமலே ரிப்போர்ட் அனுப்பறது பேக்கப் மட்டும்தான், அதைப் பாத்துக் கத்துக்கோங்கன்னு அவர் திட்டினது ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு நான் நெஞ்சை நிமித்திட்டு நின்னேன். இப்போ அவரால என்னைத் திட்டவும் முடியலை, தன்னையே திட்டிக்கவும் முடியலை. அதனால குமரேசன் பக்கம் திரும்பினாரு.

"ட்ராயிங் கெடைச்சா லீவு. கெடைக்கலன்னா தாலியக் கட்டிட்டு வந்து உக்காந்து மறுபடி வரை நைனா. பார்ட்டி வெயிட் பண்ண மாட்டான்."

குமரேசன் முகத்தைப் பாக்க முடியலை.

"பொண்ணூட்ல ஏற்கெனவே நான் கம்ப்யூட்டரத்தான் கட்டிக்கினு கீறேன்னு கிண்டல் பண்றாங்கக்கா. ஒங்களத்தான் நம்பிக்கினு கீறேன்."

பிரிண்டர்ல பேப்பர் உருவினதுக்கு இவ்வளவு பெரிய தண்டனை ஆகாதுங்க.

ஆனாலும் விட்டுக்குடுக்கலை. ப்ரோக்ராமை மூடித் திறந்தேன். கேபிளைக் கம்ப்யூட்டர் பக்கம் உருவி வேற வேற ஓட்டையில மாத்தி மாத்திக் குத்தினேன். டிஸ்க் பக்கம் இறுகிப்போய்க் கெடந்துச்சு, உடைஞ்சு தொலைஞ்சா என்ன பண்றதுன்னு தொடலை. அப்புறம் டிவி ரிமோட்டுக்குச் செய்யற மாதிரி டிஸ்க்கை உள்ளங்கையில ரெண்டு தட்டு தட்டினேன். பாய் கேட்டா செருப்பால அடிப்பாரு. நீல லைட் மட்டும் அசையாம எரிஞ்சுது.

கீழேயிருந்து ஏழுமலை அண்ணன் வந்தாரு. எங்க ஃபிட்டர். கையில ஆயில் கேன். கேட்டுல ஆரம்பிச்சு டிபன் பாக்ஸ் மூடி வரைக்கும் அவருக்கு ஒரே வைத்தியம்தான்.

"கொஞ்சூண்டு உட்டா ஓடும்மா"ன்னாரு.

குமரேசன் டிஸ்க்கைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். கட்டிக்கப்போற பொண்ணை இவ்வளவு பத்திரமா பாத்துப்பானான்னு தெரியலை.

வேற வழியில்லாம பாய்க்கு வீடியோ கால் போட்டேன். நடந்ததெல்லாம் கேட்டுட்டு, டிஸ்க் பக்கத்துல இருக்கிற கேபிளை உருவச் சொன்னாரு. நானும் குமரேசனும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுத்தோம். வந்துச்சு. கேமராவை அந்த ஓட்டைகிட்ட காட்டினேன்.

"மேடம், உள்ள இன்னா மஞ்சளா கீது?"

எட்டிப் பாத்தேன். மோந்து பாத்தேன். கமகமன்னு இருந்துச்சு.

"சந்தனம் பாய்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் மட்டும் கேட்டுச்சு.

"சந்தனம் எப்டி மேடம் உள்ள போச்சு?"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. அப்போதான் எனக்கு எல்லாம் படம் மாதிரி ஓடுச்சு.

எங்க கம்பெனியில ஆயுத பூஜைன்னா விளையாட்டு இல்லை. ஒரு ஸ்பேனருக்குக்கூட பொட்டு விட்டுப்போகக் கூடாது. ஒரு வருஷம் கிரைண்டிங் மெஷினுக்கு விட்டுப்போச்சு, அடுத்த வாரமே படுத்துடுச்சுன்னு ஏழுமலை அண்ணன் இன்னிக்கும் சொல்லுவாரு. அதனால ஷாப் முழுக்க அவர் பொறுப்பு, ஆபீஸ் முழுக்க என் பொறுப்பு.

இந்தத் தடவையும் ஒண்ணு விடலை. கால்குலேட்டர், ஸ்டேப்ளர், பஞ்சிங் மெஷின், மவுஸ் எல்லாத்துக்கும் வெச்சேன். டிஸ்க்கையும் கேபிளைக் கழட்டிப் பூஜை மேஜைக்குக் கொண்டுபோனேன். மேல பொட்டு வைக்க இடமில்லை. "மீறினால் மேகலா" முழுசா அடைச்சுக்கிட்டிருக்கு. திருப்பிப் பாத்தேன். பக்கவாட்டுல நடுவுல சின்னதா ஒரு பள்ளம். பாக்க நெத்தி மாதிரியே இருந்துச்சு. சந்தனமும் உதிராம நிக்குமேன்னு கட்டைவிரலால நல்லா அழுத்தி வெச்சேன். அதுக்கு மேல குங்குமம்.

மறுநாள் கேபிளைச் சொருகினேன். போக மாட்டேன்னுச்சு. இப்போதானே பூஜை போட்டிருக்கு, கொஞ்சம் விறைப்பா இருக்குன்னு நெனச்சு இன்னும் அழுத்தினேன். போச்சு. நீல லைட் எரிஞ்சுது. கன்னத்துல போட்டுக்கிட்டு வந்துட்டேன்.

பாய்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். லைட் எரியறதுக்குக் கரண்ட் வந்தா போதுமாம், அதுக்கு வழி இருந்திருக்கு. ட்ராயிங் போற வழியைத்தான் சந்தனம் அடைச்சிடுச்சாம்.

"பூஜை போட்ட நாள்ல இருந்து அது வெரதம் மேடம். ஒண்ணுமே துன்னல"ன்னாரு.

தண்ணி படக் கூடாது, ஊசி கூடாது, முக்கியமா அந்த ஆயில் கேனை ரூமை விட்டு வெளிய அனுப்புங்கன்னாரு. ஏழுமலை அண்ணன் கோவிச்சுக்காம போயி, தொடப்பத்துல ஒரு ஈர்க்குச்சி உருவி, நுனியை மெலிசா சீவிக் கொண்டுவந்தாரு. குமரேசனே வாங்கிச் சொரண்ட ஆரம்பிச்சான்.

"ஊட்ல எனக்கு சந்தனம் பூசறதுக்கு சொந்தக்காரங்க வெயிட் பண்ணிக்கினு கீறாங்க. நான் இங்க சந்தனம் சொரண்டிக்கினு கீறேன்"னு மொணமொணத்தான்.

துகள் துகளா உதிர்ந்துச்சு. நல்ல அசல் சந்தனம். பர்ச்சேஸ் பண்ணினது நான்தானே.

கேபிளைச் சொருகினோம். டிங்னு ஒரு சத்தம். ஸ்க்ரீன்ல டிஸ்க் வந்துடுச்சு! ஆயுத பூஜைக்கு அப்புறம் வரைஞ்சதை மட்டும் முதல்ல காப்பி பண்ணுங்க, மேஜை மட்டும் ஆடக் கூடாதுன்னு பாய் சொன்னாரு. பச்சைக் கோடு மெதுவா நகர ஆரம்பிச்சுது.

அதே நேரம் கீழே பெரிய பிரஸ் 'டம்'முன்னு அடிச்சுது. மேஜை ஆடுச்சு. பழைய மெஷின் இருமுச்சு. பச்சைக் கோடு நின்னுடுச்சு. குமரேசன் கண்ணை மூடிக்கிட்டான்.

முதலாளி படியில ஓடினாரு. அந்த மனுஷன் ஓடி நான் பாத்ததே இல்லை. பிரஸ் நின்னுது. எங்க கம்பெனியில வேலை நாள்ல அந்த பிரஸ் நிக்கிறது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். இப்போ ஆயுத பூஜையைச் சொரண்டறதுக்காக நின்னுச்சு.

பச்சைக் கோடு திரும்ப நகர்ந்துச்சு. வேலை நின்ன ஆளுங்க எல்லாம் மேல வந்து, ஆஸ்பத்திரியில நிக்கிற மாதிரி கதவோரம் நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டாங்க. கல்யாணப் பத்திரிகை வாங்கினவங்க எல்லாரும் மாப்பிள்ளையைப் பரிதாபமா பாத்தாங்க. பாய் லைன்லயே இருந்தாரு. அங்க லாரியும் நகரலை, இங்க கோடும் வேகமா நகரலை.

முடிஞ்சுது. டிஸ்க்கைப் புது மெஷின்ல சொருகித் திறந்து பாத்தோம். அத்தனை ட்ராயிங்கும் இருந்துச்சு. குமரேசன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். உண்மையைச் சொல்றேன், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. கொஞ்ச நேரத்துல பழைய மெஷின் தானாவே அடங்கிடுச்சு. அவன் லீவுக்காகவே உயிரைப் பிடிச்சிட்டிருந்திருக்கு.

எல்லாரும் மூச்சு விடறோம், முதலாளி கதவுல நிக்கிறாரு. கையில தட்டு. தட்டுல கற்பூரம், குங்குமம், ஒரு கிண்ணம் நிறைய சந்தனம்.

"நல்லபடியா முடிஞ்சிச்சு. புது மெஷினுக்கு ஒரு பொட்டு வெச்சிடலாம்மா. எங்க வெக்கறது?"ன்னு குனிஞ்சு அதோட பின்பக்கம் பாத்தாரு. பூரா ஓட்டை.

நான், குமரேசன், ஏழுமலை அண்ணன் மூணு பேரும் குறுக்க பாஞ்சுட்டோம். போன்லேருந்து பாய் வேற "வேணாம் சார்"னு கத்தறாரு. நான் ஹேண்ட்பேக்கைத் துழாவி ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன். மெஷினுக்கு ஒண்ணு, டிஸ்க்குக்கு ஒண்ணு ஒட்டினேன். முதலாளி கொஞ்சம் யோசிச்சாரு. செவப்பாத்தானே இருக்கு, பரவால்லன்னு கற்பூரத்தை மட்டும் காட்டிட்டுப் போயிட்டாரு.

ஞாயித்துக்கிழமை எளாவூர்ல கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. மண்டப வாசல்ல குமரேசனோட சித்தி வரவேற்பு மேஜையில நின்னாங்க. பன்னீர் தெளிச்சு, சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினாங்க. நானும் கையை நீட்டினேன்.

மேடையில மாலையோட நின்ன மாப்பிள்ளை அங்கேயிருந்தே குரல் குடுத்தான்.

"சித்தி, அந்த அக்காவுக்குக் கல்கண்டு மட்டும் குடு. கேமராக்காரரு பக்கத்துலயே நிக்கிறாரு, அவரு கேமராவுலயும் ஓட்டை கீது."

கல்கண்டு மட்டும் எடுத்துக்கிட்டேன்.