கபீர் வீட்டு ரேட்டிங்

அகமது கபீர் தன் வீட்டு டிவியிடம் பொய் சொல்லத் தொடங்கியது ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

“மச்சான், அந்த ரிமோட்டை ஏன் இந்தக் குத்து குத்துறீங்க? சவுண்டு கூடலையா?” என்று அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் அவர் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ்.

“இது சவுண்டு ரிமோட் இல்ல புள்ள, மத்தது. நான் உக்காந்திருக்கேன்னு அமுக்கிட்டேன். நீ உக்காந்திருக்கேன்னும் அமுக்கிட்டேன்.”

“நான் எங்க உக்காந்திருக்கேன்? இங்க கறி அடி பிடிக்குது.”

“அது பெட்டிக்குத் தெரியவா போகுது?”

பெட்டி என்பது டிவிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா அளவுக்கு உட்கார்ந்திருந்த ஒரு கறுப்புக் கருவி. எந்த வீட்டில் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனி, ஊரெல்லாம் சலித்து, துபாய் தேராவில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் கீழக்கரை கபீரின் வீட்டையும் பொறுக்கி எடுத்து அதை வைத்துவிட்டுப் போயிருந்தது. அதன் ரிமோட்டில் வீட்டு ஆளுக்கு ஒரு நம்பர். டிவி முன்னால் உட்காருகிறவர் தன் நம்பரை அமுக்க வேண்டும். விருந்தாளி என்றால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால், வாசலில் நின்று விடாமல் பெல் அடிப்பவனைப் போல ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்.

மாட்டிவிட்டுப் போன கம்பெனி ஆள் யஹ்யா ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னான்: “யார்ட்டயும் மூச்சு விடக்கூடாது பாய். வெளிய தெரிஞ்சா கலாஸ், கதை முடிஞ்சுது.”

கபீர் மூச்சு விடவில்லை. அதுவரை பொய்யும் அமுக்கவில்லை. இப்போது அமுக்க வேண்டி வந்தது மகள் ருமைஸாவுக்காக.

‘மணல் ராகம்’ என்று ஒரு தமிழ்ச் சேனல் பெரிய பாட்டுப் போட்டி நடத்துகிறது. வளைகுடா நாடு ஒவ்வொன்றும் தனக்கென ஒரு தேர்வு நிகழ்ச்சி வைத்து, ஒரு பாடகரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அமீரகத் தேர்வின் பாடகர்களில் ருமைஸாவும் ஒருத்தி. ஷவரைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் அவள் பாடுவாள். வீட்டுக் கல்யாணங்களில் எத்தனை கெஞ்சினாலும் வாய் திறக்க மாட்டாள். அப்படிப்பட்ட பெண் தானாகவே பெயர் கொடுத்துத் தேர்வாகி வந்து நின்றபோது கபீருக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கண் காய்வதற்குள் அந்தச் செய்தி வந்தது. அல் கூஸில் டயர் கிடங்கு ஒன்றுக்கு அடுத்த ஷெட்தான் ஸ்டுடியோ. மகளைக் கூட்டிவரப் போனவர், தயாரிப்பாளர் ஸ்ரீனிவாசன் ஃபோனில் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

“ரேட்டிங் சைபர் சார்! அதுக்குக் கீழ நம்பர் இல்லாததால அங்க நிக்குது. கத்தார் தேர்வைக் கத்தார்ல பார்க்கிறாங்க. ஓமான் தேர்வை ஓமான்ல பார்க்கிறாங்க. நம்மளதைக் கேமராமேனே பார்க்க மாட்டேங்கிறான்! இப்படியே போனா இழுத்து மூட வேண்டியதுதான்.”

காரில் ருமைஸாவும் அதையே சொன்னாள். “வாப்பா, எங்க ஷோவை யாருமே பார்க்கலையாம். லிட்டரலி நோபடி!” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கபீர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். துக்கத்தை மறைக்கப் பிள்ளை எப்படிச் சிரிக்கிறது! இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவர் வீட்டிலேயே யாரும் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் ஜன்னத்தின் சீரியல் ஓடும்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை சீரியல் தள்ளிவைக்கப்பட்டது. கபீர் தன் நம்பரை அமுக்கினார். மனைவியின் நம்பரை அமுக்கினார். ஸ்டுடியோவில் பாடிக்கொண்டிருந்த ருமைஸாவின் நம்பரை அமுக்கினார். சவூதி ஜுபைலில் ஏதோ ஒரு பிளாண்டில் ஹெல்மெட்டோடு நின்றிருந்த மூத்தவன் ராஜிக்கையும் சோபாவில் உட்கார வைத்தார்.

அடுத்த வாரம் ஸ்டுடியோவில் ஸ்ரீனிவாசன் குனாஃபா தட்டோடு எதிரே வந்தார்.

“எடுத்துக்கோங்க பாய்! ரேட்டிங் ஏறிடுச்சு. எங்கயோ ஒரு வீடு முழுக்க உக்காந்து பார்த்திருக்கு!”

“ஒரு வீடு பார்த்ததுக்கா இந்த இனிப்பு?”

“அப்படிச் சொல்லாதீங்க. பெட்டி வச்ச தமிழ் வீடுகளே விரல் விட்டு எண்ணுற அளவுதான். அதுல ஒரு வீடு பார்த்தா, ஊர்ல ஆயிரக்கணக்கான வீடு பார்த்ததா கணக்கு.”

கபீர் தன் வலது கட்டைவிரலை மரியாதையோடு பார்த்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ருமைஸா கேட்டாள்: “இனிமே நிறையப் பேர் பார்ப்பாங்களா, வாப்பா?”

“பார்க்காம? இன்ஷா அல்லாஹ், ஊரே பார்க்கும்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவு பெரிய சேதிக்கு இவ்வளவு சின்ன முகமா? பிள்ளைக்கு இது போதவில்லை என்று கபீர் முடிவு கட்டினார்.

ஆனால் ஜுபைலில் இருப்பவனைத் துபாயில் உட்கார வைத்தது மனதை உறுத்தியது. பொய் வேண்டாம், நிஜமான ஆட்களையே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டால் பாவம் தீர்ந்தது. அடுத்த சனிக்கிழமை, பக்கத்துக் கடை ஹசன் அலியையும் அவருடைய கேரம் போர்டுக் கூட்டாளிகளையும் வீட்டுக்கு அழைத்தார். ஜன்னத் இறால் வைத்து, ஊர்ப் பலகாரமான வாடா சுட்டாள். வந்தவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். கபீர் சோபாவுக்குப் பின்னால் நின்று, தலை எண்ணி, வயதை அமுக்கினார். ருமைஸா பாடி முடித்ததும் ஹசன் அலி, “மாஷா அல்லாஹ்! இன்னும் ரெண்டு வாடா” என்றார்.

ரேட்டிங் எகிறியது. கூடவே சேனலுக்கு ஒரு ஞானமும் வந்தது.

“நம்ம ஆடியன்ஸ் யாருன்னு கண்டுபிடிச்சிட்டோம்,” என்று பெற்றோர்களைக் கூட்டி அறிவித்தார் ஸ்ரீனிவாசன். “எல்லாம் பெரியவங்க! இந்த வாரம் ஃபுல்லா பழைய பாட்டு. பட்டுச் சேலை, ஹார்மோனியம், கொஞ்சம் சோகம்.”

ருமைஸாவுக்கு அந்தப் பாட்டுகள் எதுவும் தெரியாது. வாரம் முழுக்க ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, “வாப்பா, ‘ஆவி’ன்னா கோஸ்ட்தானே? அது ஏன் லவ் சாங்ல வருது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

“பிள்ளை மூஞ்சியைப் பார்த்தீங்களா, மச்சான்?” என்றாள் ஜன்னத்.

“பார்த்தேன், பார்த்தேன். கிழங்கட்டையெல்லாம் உக்கார வச்சது தப்பு. இளவட்டத்தை இறக்கணும்.”

சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் அவருக்குத் தெரிந்த சூப்பர்வைசர் மதுசூதனன் இருந்தார். “வீட்டுல பிரியாணி, பசங்களை அனுப்புங்க” என்ற ஒரே வரிக்கு ஒரு மினி பஸ் வந்து நின்றது. ஹாலில் இடமில்லாமல் சிலர் பால்கனியில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பது கணக்கில் வருமா என்று யஹ்யா சொல்லவில்லை. கபீர் அவர்களையும் சேர்த்து அமுக்கினார். பட்டுச் சேலையில் ருமைஸா சோகமாகப் பாட, பையன்கள் வீட்டு நினைப்பில் மூக்கை உறிஞ்சினார்கள். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, “சாவு வீடா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஸ்ரீனிவாசனுக்கு அன்றைய கணக்கு வந்ததும் ஆள் தரையில் நிற்கவில்லை.

“இளைஞர்கள்! இருபத்தஞ்சு வயசுப் பசங்க குமிஞ்சு கிடக்காங்க! ஹார்மோனியத்தைத் தூக்கு. குத்துப் பாட்டு. பாடுறவங்க ஆடவும் செய்யணும்.”

ருமைஸா ஆடினாள். ஆடினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வழியில் கிடக்கும் ஈரச் சாக்கைத் தாண்டுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காலை வைத்தாள். ஆனால் குரல் மட்டும் நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது. நடுவர்கள் அதற்கே மார்க் போட்டு மேலே தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“வாப்பா,” என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து, “அந்த ரேட்டிங் மறுபடி கீழ போக சான்ஸ் இருக்கா?”

“பயப்படாதேமா! வாப்பா உசுரோட இருக்கிற வரைக்கும் போகாது!”

உள்ளே எதுவோ தலையணையில் மோதுகிற சத்தம் கேட்டது.

இந்தத் தடவை யோசனை ஜன்னத்துடையது. “ஆம்பளைங்களைக் கூப்பிட்டதுதான் வினை. பொம்பளைங்கன்னா டீசண்டா பாட்டு வைப்பாங்க.” பிறகென்ன, உம்மு ஹானி வந்தாள், யாழ்ப்பாணத்துச் சுகந்தா வந்தாள், கட்டடத்தின் எல்லா மாடிகளிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். இவர்களின் வயதைக் கேட்கும் துணிச்சல் கபீருக்கு இல்லை. ஜன்னத்தை அனுப்பினார். அவள் பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டுவிட்டு வந்து காதில் சொன்னாள்.

“எல்லாருக்கும் முப்பத்தஞ்சாம்.”

“உம்மு ஹானிக்குமா? அவங்க பேரன் என் கடைக்கு வந்தானே!”

“அமுக்குங்க மச்சான். எனக்கும் அதேதான்.”

அந்த வாரம் சேனல் கண்டுபிடித்த நேயர்கள் முப்பத்தைந்து வயது இல்லத்தரசிகள். ஒரு பிரியாணி மசாலாக் கம்பெனி விளம்பரம் தர ஓடி வந்தது. மேடையில் அடுப்பு வந்தது. போட்டியாளர்கள் பாடிக்கொண்டே தாளிக்க வேண்டும் என்று விதி வந்தது. பல்லவியில் வெங்காயம் போட்டால் சரணம் முடிவதற்குள் சிவந்திருக்க வேண்டும். ருமைஸா ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் கரண்டியுமாக, வெங்காயத்துக்கும் சேர்த்து அழுதுகொண்டே பாடினாள்.

“பிள்ளை நல்லாத்தான் பாடுது,” என்றாள் டிவி முன்னால் இருந்த சுகந்தா. “ஆனா அந்த அடுப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ, கருகப் போகுது!”

அவ்வளவுதான். கத்தார் விழுந்தது, ஓமான் விழுந்தது. வளைகுடாவிலேயே அதிகம் பேர் பார்க்கும் தேர்வு நிகழ்ச்சி அமீரகத்துடையது என்று அறிவிப்பு வந்தது. இறுதிச் சுற்றுக்கு அல் கூஸ் ஷெட் போதாது என்று, ஒரு திறந்தவெளி மைதானத்தைப் பிடித்து, நேரலை என்று போஸ்டர் ஒட்டினார்கள். போஸ்டரில் ருமைஸா கரண்டியோடு நின்றாள். லூலூ சூப்பர் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் முன்பின் தெரியாத யாரோ செல்ஃபி கேட்டார்களாம். பையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இறுதிச் சுற்று நாளன்று மத்தியானம் அவள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. தொட்டுப் பார்த்த ஜன்னத், “நெருப்பா கொதிக்குது” என்றாள். கல்லூரித் தோழி நஜீஹா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சேனலின் கார் கீழே வந்து ஹாரன் அடித்தது.

“நான் பாடல, வாப்பா,” என்றது போர்வை.

கபீருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை தூரம் வந்த பிறகு பிள்ளை தோற்றுவிடுமோ என்று பயப்படுகிறது. பெட்டியைப் பற்றி யஹ்யாவிடம் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“ருமைஸா, வாப்பா ஒரு உண்மையைச் சொல்றேன். யாரும் பார்க்காத ஷோன்னு நீ அன்னைக்குக் கார்ல சொல்லிச் சிரிச்சியே, அந்தச் சிரிப்பு என்னைத் தூங்க விடல. நம்ம வீட்டு டிவி பக்கத்துல இருக்கிற பெட்டி, ரேட்டிங் பெட்டி. ராஜிக்கை அமுக்கினது நான். ஹசன் அலியை, கேம்ப் பசங்களை, உம்மு ஹானியை, எல்லாரையும் கொண்டாந்து உக்கார வச்சது நான். அந்த ரேட்டிங் முழுக்க உன் வாப்பாதான்! இன்னைக்கு மைதானத்துல ஆயிரக்கணக்குல ஜனம் உக்காந்திருக்கு. எல்லாம் உனக்காகத்தான்!”

போர்வைக்குள்ளேயிருந்து, குத்துப் பாட்டிலும் சோகப் பாட்டிலும் கேட்டிராத ஒரு சுருதியில், நீளமான ஒரு கேவல் எழுந்தது.

“பார்த்தியா, ஆனந்தக் கண்ணீர்,” என்றார் கபீர் நஜீஹாவிடம், தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு.

நஜீஹா அவரைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மெதுவாகச் சொன்னாள்:

“அங்கிள், நல்ல மைக், முழு ஆர்கெஸ்ட்ரா, ஆனா பார்க்க ஒருத்தர்கூட இல்லைன்னு விசாரிச்சுட்டுத்தான் அவ அந்த ஷோவுல சேர்ந்ததே.”