ஆரியா மாமுவும் அடுத்த பக்கமும்

உலகத்தில் என்டர் பட்டனை ஆரியா மாமு அளவுக்கு அடித்தவர் யாரும் இல்லை. இனிமேல் பிறக்கப்போவதும் இல்லை. கல்மண்டபத்தில் என் ஜெராக்ஸ், டிடிபி கடையில் அவர் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் கீபோர்டு வாங்கிய கதையைச் சொன்னால் உங்களுக்கே அழுகை வரும். மற்ற எழுத்தெல்லாம் புதுக் கருக்கு மாறாமல் இருக்கும். என்டர் மட்டும் வழுக்கை விழுந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் கழன்று விழும். மாமு அதைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டுவார். நான் புதுக் கீபோர்டு வாங்க வண்டியை எடுப்பேன்.

மாமு முன்பு கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை பார்த்தவர். மேலே உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது. தரையில் ஒருவர் நின்று உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்க வேண்டும். முஷ்டியை மூடினால் நிறுத்த வேண்டும். கூடவே ‘ஆரியா, ஆரியா’ என்று குரலும் கொடுப்பார்கள். இறக்கு என்பதற்குக் கப்பல்காரர்களின் சொல் அது. அந்தச் சொல்லே அவருக்குப் பேராகிவிட்டது. சம்பளம் கொடுத்த நானே அவருடைய சொந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அந்த வேலையை விட்டதும், எப்போதோ டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்ததை நம்பி என்னிடம் வந்தார். அடிப்பதில் புலி. பிழை இருக்காது. வினை எல்லாம் பக்கம் முடிகிற இடத்தில்தான்.

ஒரு தலைப்பு அடுத்த பக்கத்தில் தொடங்க வேண்டுமென்றால் நீங்களும் நானும் கன்ட்ரோலையும் என்டரையும் சேர்த்து ஒரு தட்டு தட்டுவோம். பேஜ் பிரேக் விழும். அதற்கு முன்னால் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் தலைப்பு புதுப் பக்கத்தின் உச்சியிலேயே நிற்கும். மாமு அதைத் தொடமாட்டார். வெறும் என்டரைத் தட்டி, வரி வரியாக, தலைப்பைக் கீழே இறக்குவார். உதடு ‘ஆரியா, ஆரியா’ என்று முணுமுணுக்கும். அடுத்த பக்கத்தைத் தொட்டதும் இடது கை முஷ்டி மூடும்.

“இன்னா மாமு, ஒரே தட்டுல போற வேலைக்கு இத்தினி தட்டா?” என்று கேட்டேன்.

“லோடு தவ்வாது நைனா. எறங்கும்” என்றார். “எறங்கறத ஒர்த்தன் பாத்துக்கினே இருக்கணும்.”

பக்க எண்ணையும் மெஷினை நம்பி விட்டதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தன் கையாலேயே அடிப்பார். ஒரு சங்கத்தின் ஆண்டறிக்கையில் கடைசி நேரத்தில் யாரோ ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்கள். மாமு சேர்த்தார். அவ்வளவுதான், எல்லாம் ஒரு வரி கீழே நழுவி, பக்கத்தின் அடியில் இருந்த எண் அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்தது. அச்சாகி வந்த அறிக்கையில் ‘தலைவர் அவர்கள் தமது’ என்று ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் ‘12’ என்று தொடங்கி, ‘மனைவியுடன் வந்து விழாவைச் சிறப்பித்தார்’ என்று போனது. மறுநாள் காலையில் தலைவரின் ஒரே மனைவி என் கடைக்கு வந்தார். அந்த அம்மாள் பேசியதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

இன்னொரு கூத்தும் உண்டு. எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த காசிம் பாய் மாமுவின் தோஸ்து. ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். அவர் டீ கிளாசோடு சாலையைக் கடக்கும்போதெல்லாம் மாமு வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவார். வலது கையைத் தூக்கி ஷேர் ஆட்டோவை நிறுத்தி, இடது கையை மெல்லத் தாழ்த்திக் காசிம் பாயை இந்தப் பக்கம் ‘இறக்குவார்’. கன்டெய்னர் லாரிகூட நின்றிருக்கிறது. லாரிக்காரர்கள் திட்டிய திட்டெல்லாம் என் கடைக்குத்தான் சேர்ந்தது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம் என்று நானும் என் பங்குக்குத் திட்டுவேன்.

இப்படிப்பட்டவர் கையில்தான் காசிமேட்டு ஜெனிஃபர் தன் படிப்பையே கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். பெண் எம்.பி.ஏ. கடைசி வருடம். ஒரு கன்டெய்னர் கம்பெனியில் வேலை தயாராக இருந்தது, பாஸ் செய்தால் உடனே சேரலாம். அதற்குப் புராஜெக்ட் ரிப்போர்ட்டை அன்று மாலை ஐந்து மணிக்குள் கல்லூரியில் கொடுக்க வேண்டும். தவறினால் வேலையும் போய், வருடமும் போய்விடும். கல்லூரி பெரம்பூருக்கும் அந்தப் பக்கம்.

ரிப்போர்ட் தயாராகத்தான் இருந்தது. பைண்டிங்குக்குக் கொடுக்கப்போகும் நேரத்தில், மதியச் சாப்பாடு இறங்குவதற்குள், மூச்சிரைக்க வந்தாள்.

“அண்ணா, கைடு மாறிட்டாரு. புது சாரு பேரு, அவரு பதவி எல்லாம் மூணு எடத்துல போடணுமாம்.”

புது சாருடைய பதவி இரண்டு வரி நீளம். மாமு அதை அடித்தார். மொத்த ரிப்போர்ட்டும் சரிந்தது. நன்றியுரை நடுப்பக்கத்தில் தொடங்கியது. மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு ஒரு பக்கத்தின் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. கையால் அடித்த எண்களெல்லாம் பத்திகளுக்கு நடுவே நின்று விழித்தன.

மாமு பதறவில்லை. முதலிலிருந்து தொடங்கினார். “ஆரியா, ஆரியா...” பாதி தூரம் வந்தபோது ஜெனி முன்னால் ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். அதைத் திருத்தியதும் பழையபடி எல்லாம் நழுவியது. அவள் சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“மாமு, பிடிவாதத்துக்கு ஒரு அளவு வாணாமா? பொண்ணு வாழ்க்கை பூடும். எய்ந்திரி!”

மாமு எழவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தார். டீ கொண்டுவந்த காசிம் பாய், அன்று கை காட்ட ஆளில்லாமல் தானே சாலையைக் கடந்து வந்தவர், கிளாசை மேசையில் வைத்தார்.

“அவன இன்னாத்துக்குபா கத்துற?” என்றார் என்னிடம். “ஒரு தனியார் கன்டெய்னர் யார்டுல நாங்க ரெண்டு பேரும் வேல பாத்துக்கினு இருந்தோம். நான் கீழ நின்னுகினு இருந்தேன். இவன் நிறுத்துன்னு கைய மூடிகினு கத்துறான். கிரேன்காரன் பாக்காம லோட எறக்கிட்டான். என் காலு போச்சு. கை காட்டுற வேலைய இவன் அன்னியோட வுட்டுட்டான்.”

இத்தனை வருடம் அந்த மனிதரைக் கிண்டல் செய்தே பொழுதை ஓட்டியிருக்கிறேன்.

மாமு மெதுவாகக் கேட்டார். “அந்த பிரேக்க போட்டா, நிக்குமா நைனா?”

“நிக்கும் மாமு.”

“யாரு பாத்துக்கினு இருப்பா?”

கம்ப்யூட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. “நீ பாரு” என்றேன். “நீ கை காட்டு. நான் போடுறேன்.”

மாமு நாற்காலியை எனக்கு விட்டு எழுந்து, என் வலது பக்கத்தில் வந்து நின்றார். அவர் தட்டிய என்டர்களையும் கையால் அடித்த எண்களையும் நான் அழிப்பேன். பிறகு காத்திருப்பேன். அவர் தலைப்பை ஒருமுறை வாசித்துவிட்டு உள்ளங்கையைத் தாழ்த்துவார். “ஆரியா.” நான் தட்டுவேன். தலைப்பு அடுத்த பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். முஷ்டி மூடும். அப்புறம்தான் அடுத்தது. கடைக்கு வந்தவர்கள் ஜெராக்ஸை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

முன்பக்கங்களுக்கு ரோமன் எண்ணும், அத்தியாயங்களுக்கு ஒன்றிலிருந்து எண்ணும் வர வேண்டும். அதற்குப் பேஜ் பிரேக் போதாது. செக்‌ஷன் பிரேக் போட வேண்டும். அந்த இடம் வந்ததும் மாமு, “இது இன்னாது?” என்றார்.

“இதுக்கு இந்தாண்ட ஒரு கணக்கு, அந்தாண்ட வேற கணக்கு மாமு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது.”

அவர் ஜெனியைக் கையால் ஒரு அடி பின்னால் தள்ளி நிறுத்தினார். காசிம் பாயையும் தள்ளி நிறுத்தினார். பிறகுதான் கையைத் தாழ்த்தினார்.

பைண்டிங் முடிந்து அவள் கிளம்பியபோது மணி நான்கு. மாமு நடுரோட்டில் நின்று, வந்த ஆட்டோவை மறித்து அவளை ஏற்றிவிட்டார். ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. “குட்த்துட்டேண்ணா. மாமுகிட்ட சொல்லு.” நான் சொன்னேன். மாமு ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முதல்முறையாகச் சூடாக ஒன்று கேட்டார்.

அதன்பின் அவரும் பேஜ் பிரேக் போட்டார். ஆனால் நான் பக்கத்தில் இருந்து தட்ட வேண்டும், அவர் கை காட்ட வேண்டும். ஒரு டிடிபி வேலைக்கு இரண்டு ஆள் வைத்த கடை சென்னையிலேயே என்னுடையதாகத்தான் இருக்கும். ஜெனி இப்போது அந்தக் கன்டெய்னர் கம்பெனியில் இருக்கிறாள். காசிம் பாய் டீக்கடையை விட்டுவிட்டார். மாமு எண்ணூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். கடையில் நான் ஒற்றை ஆள். கீபோர்டும் வருடக்கணக்காக உழைக்கிறது.

பக்கம் முடிகிற இடம் வந்தால் கன்ட்ரோலில் ஒரு விரலும் என்டரில் ஒரு விரலும் வைத்துக்கொண்டு, வலது பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். அங்கே யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் அந்தக் கை தாழ்கிற அளவு நேரம் கொடுத்துவிட்டுத்தான் தட்டுகிறேன்.